மூன்றாவது எபிசோடில் அங்கப்பன்

வாழவந்தி அங்கப்பன் டி.வி.யில் வரப்போகிறான் என்ற செய்தி மலை முழுக்கப் பரவி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இன்னும் யாருக்காவது தெரியாமல் இருந்தால் அது அங்கப்பனுடைய தப்பில்லை. ஏற்காடு பஸ்ஸில், மஞ்சக்குட்டை ஜீப்பில், பால் ஊற்றுகிற இடத்தில், முடிவெட்டுகிற கடையில் என்று மனுஷன் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தான்.

இத்தனைக்கும் அவன் வரப்போவது ஒரே ஒரு காட்சி. போன மார்கழிக்கும் முந்தின மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வேன் வேனாக வந்து இறங்கியது. மலையில் ஒரு கொலை, துப்பறிய ஒரு இன்ஸ்பெக்டர், எட்டு எபிசோட் கதை. தியேட்டருக்கும் வராது, சேனலிலும் வராது. மாசாமாசம் பணம் கட்டி நெட்டில் பார்க்கிற ரகம். வழிகாட்டியாக நடிக்க வேண்டியவனுக்குக் குளிர் தாங்காமல் காய்ச்சல் வந்துவிட, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பெரிய மீசையாக நின்ற அங்கப்பனை இழுத்து நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பக்கம் போவாதீங்க சார். பனி எறங்கிருச்சுன்னா வழி தெரியாதுங்க." இவ்வளவுதான் வசனம். ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் போட்டுக்கொண்டு சிவனே என்று கிடந்த ஆளை அந்த ஒரு வசனம் படாதபாடு படுத்திவிட்டது.

அதைக் கேட்பதற்காகக் காத்திருந்தவள் அவன் அக்கா மாரியம்மாள். ஊர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, அக்காள் கேட்க வேண்டும். அங்கப்பனுக்கு அதுதான் முக்கியம்.

மாரியம்மாளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்த மறு வருஷமே சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. தம்பி வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். அன்றிலிருந்து டி.வி.தான் அவளுக்குப் பொழுது. பார்க்கிறேன் என்றுதான் அவளும் சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, கண் தெரியாதவர்களுக்கு சீரியலைப் போல ஒரு தோது கிடையாது. மருமகள் காப்பியில் மாமியார் உப்பைப் போட்டால்கூட, 'இதோ போடறேன், இன்னிக்கு மாட்டப் போறே' என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவாள். கேட்டுக் கேட்டு மாரியம்மாளுடைய காது தீட்டின கத்தி ஆகிவிட்டது. "இவளுக்குப் பேசறவதான் அந்த மதியானச் சீரியல்ல நாத்தனாளுக்கும் பேசறா" என்பாள். விசாரித்தால் சரியாகத்தான் இருக்கும்.

முன்னெல்லாம் ஏழரை மணி ஆனால் வீட்டில் நாலு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சீரியலைப் பார்த்தார்கள். விளம்பரம் வந்தால்தான் சோறு, சண்டை எல்லாம். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. அங்கப்பன் மனைவி அத்தாயி அடுப்படியில் மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, கொரியாக்காரர்கள் தமிழ் பேசிக் காதலிக்கிற கதையைப் பார்த்தாள். மகள் தீபிகா சேலத்தில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஒரு முழுக் கதையை ஒரே ராத்திரியில் விழுங்கினாள். அங்கப்பன் வாசலில் உட்கார்ந்து போனில் எதையாவது தள்ளிக்கொண்டிருந்தான். மாரியம்மாள் மட்டும் டி.வி.க்கு முன்னால் தனியாக இருந்தாள். "இன்னிக்கு அந்தச் சிறுக்கி மாட்டிக்கிட்டா" என்று பொதுவில் சொல்வாள். யாராவது ஒருவர் எங்கிருந்தாவது "ம்" என்பார்கள்.

அங்கப்பனுக்கு வேஷம் கிடைத்தபோது அவள்தான் தெருவெல்லாம் சொன்னாள். "என்ற தம்பி கொரலு டி.வி.ல வரப்போவுது. அதைப் பாக்கறதுக்குக் கண்ணு எதுக்குங்க?" கொஞ்ச நாளில் அந்தப் பேச்சை அவள் விட்டுவிட்டாள். கண்ணு பட்டுவிடும் என்று அடக்கி வாசிக்கிறாள் போல என்று அங்கப்பன் நினைத்துக்கொண்டான்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எட்டு எபிசோடும் ஒரேயடியாக வந்து இறங்கின. அன்று காலை பத்து மணிக்கே ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற தன் கடையிலிருந்து அப்துல் மஜீத் போன் செய்தார். ஒரு காலத்தில் ஏற்காட்டுக்கே கேபிள் கொடுத்தவர். இப்போது அதே கடையில் வீடுகளுக்கு நெட் கொடுக்கிறார். அங்கப்பன் வீட்டுக்குக் கம்பி இழுத்ததும் அவர்தான். "ஏனுங்க அங்கப்பன், கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போங்க" என்றார். குரலில் ஒரு சுரத்தும் இல்லை.

மூன்றாவது எபிசோட், இருபத்திரண்டாவது நிமிஷம். பனி, டார்ச் லைட், இன்ஸ்பெக்டர். அவருக்கு எதிரே கம்பளி போர்த்திக்கொண்டு அங்கப்பன். அடேயப்பா, என்ன கம்பீரம்! அங்கப்பனே ஒரு நொடி சொக்கிப்போனான். திரையில் அங்கப்பன் வாயைத் திறந்தான்.

"அங்கிட்டுப் போகாதீக சார். பனி எறங்கிருச்சுன்னா பாதை தெரியாதுல்ல."

பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு கனத்த குரல். மதுரைப் பக்கத்து ஆள். அங்கப்பன் குரலோ சன்னமானது. இத்தனை பெரிய மீசைக்குப் பின்னாலிருந்து இப்படி ஒரு குரலா என்று புதிதாகக் கேட்கிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

"இது நானில்ல பாய்" என்றான் அங்கப்பன்.

"மூஞ்சி நீங்கதானுங்க. கொரலுக்கு வேற ஆள வெச்சுட்டாங்க. உங்களக் கூப்பிடவே இல்லீங்களா?"

அப்போதுதான் அங்கப்பனுக்கு உறைத்தது. கூப்பிட்டார்கள். மாசி மாசம், சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு சென்னை நம்பர் வந்தது. 'குரல் கொடுக்க ரெண்டு நாள் வரணும், செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்றான் ஒருவன். சினிமா சான்ஸ் என்று சொல்லி ஆளை வரவழைத்து மொட்டையடிக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது. அங்கப்பன் மரத்து மேல் நின்றபடியே அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, நம்பரையும் அடைத்துவிட்டு, ஏமாறாமல் தப்பித்த பெருமையில் இன்னும் இரண்டு கூடை அதிகம் பறித்தான். வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழியை உடைத்தவன் வேறு யாருமில்லை.

"அக்காகிட்ட சொல்லிருங்க. ரெண்டு திட்டுத் திட்டிட்டு உட்ருவாங்க" என்றார் மஜீத்.

"திட்டுனாப் பரவால்ல பாய். ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்கும். அதுதான் என்னால ஆவாது" என்றான் அங்கப்பன். அவன் கண் கலங்கிவிட்டது. மஜீத் டீ சொன்னார். அதை வாயில்கூட வைக்காமல் அங்கப்பன் எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து அத்தாயியைக் களத்துக்குத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

"இருந்ததே ஒரு வசனம். அதையும் ஊரான் வாய்ல குடுத்துட்டு வந்து நிக்கறீங்க."

"ஏம்புள்ள, நீ வேற."

"செரி, உடுங்க. அந்தாளு பேசறப்ப சத்தத்த நான் அடைச்சர்றேன். நீங்க டி.வி. பக்கத்துல நின்னு பேசிருங்க. முடிஞ்சதும் தொறந்து உட்டர்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் வேறு வழி? இன்ஸ்பெக்டர் டார்ச்சைத் தூக்கினால் மியூட், திரையில் அங்கப்பன் கையைக் கீழே விட்டால் மறுபடி சத்தம் என்று இருவரும் களத்தில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். ஊர்க்காரர்களை நாளைக்கு வரச் சொல்லியாயிற்று. அவர்கள் எந்தக் குரலைக் கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்று மணிக்கு மாரியம்மாளைக் கைபிடித்துக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார்கள். அவள் முகம் அன்று ஒரு மாதிரி இறுகிக் கிடந்தது.

"நேரா உன் எடத்துக்கே போவலாம்க்கா. இதுல நெனச்ச எடத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போயிரலாம்."

"அதெல்லாம் வேண்டாம். மொதல்ல இருந்து போடு. பந்தியில பாயசத்துக்கு மட்டும் வந்து உக்கார்ற ஆளா நானு?"

முதல் எபிசோட் தொடங்கியது. ஐந்து நிமிஷம் போயிற்று. ஒருவரும் பேசவில்லை. பூச்சிச் சத்தம், காற்று, எங்கோ ஒரு வயலின்.

"ஏன்டா சாமி, அல்லாரும் வாய்ல கொழுக்கட்டை வெச்சிருக்காங்களா? ஆரும் ஒண்ணும் பேச மாட்டீங்கறாங்க."

அங்கப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது, இந்தப் புதுக் கதைகள் வேறு ஜாதி என்று. சொல்ல மாட்டார்கள், காட்டுவார்கள். அக்காளுக்குக் காட்டி என்ன பிரயோஜனம்? "பனிக்கா. ஒரு ஜீப் வருது. அதுல ஒரு பொம்பள இருக்குது" என்றான்.

"என்ன பண்றா?"

"சும்மா இருக்குது."

"சும்மான்னா? அழுவறாளா, தூங்கறாளா? என்ன சீலை? சொல்றத ஒழுங்காச் சொல்லு."

அங்கப்பன் ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் திக்கியது. போகப்போகச் சூடு பிடித்துக்கொண்டது. மாமனார் கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்பதை, அவர் செருப்பில் செம்மண் ஒட்டியிருப்பதை, அந்தப் பெண் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளிப்பதை எல்லாம் சொன்னான். "அய்யோ, அங்க போயி வெக்கறாளே பைத்தியக்காரி" என்று மாரியம்மாள் தொடையில் அடித்துக்கொண்டாள். நடுவில் அத்தாயி, "அவரு சொல்றது தப்புங்க அண்ணி, அது செவப்புச் சீலை இல்லீங்க, அரக்கு" என்று திருத்தினாள். இரண்டு எபிசோட் போனதே தெரியவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இத்தனை பேச்சுப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

மூன்றாவது எபிசோட் ஓடியது. இருபதாவது நிமிஷத்தில் அங்கப்பன், "தண்ணி குடிச்சுட்டு வரேன்க்கா" என்று எழுந்து பூனை மாதிரி டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் டார்ச்சைத் தூக்கினார். அத்தாயி மியூட்டை அமுக்கினாள்.

"அந்தப் பக்கம் போவாதீங்க சார். பனி எறங்கிருச்சுன்னா வழி தெரியாதுங்க."

கை கீழே போனது, சத்தம் வந்தது. அத்தனை கச்சிதம்! அங்கப்பன் அக்காளைப் பார்த்தான். மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. இரண்டு கையையும் சேர்வராயன் கோயில் இருக்கிற திசைக்குத் தூக்கி, "சேர்வராயா, காப்பாத்திட்டே சாமி" என்றாள். இதற்கு இவ்வளவா என்று அங்கப்பனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. செய்தது நல்ல காரியம்தான் என்று தேறிக்கொண்டான்.

"அத்தாயி, மறுக்கா போடு. இதுல திருப்பிப் போடலாம்னு சொன்னீங்கல்ல?"

இதை யாரும் யோசிக்கவில்லை. பழைய டி.வி.யாக இருந்தால் போனது போனதுதான். அத்தாயி பின்னால் தள்ளினாள். டார்ச், மியூட், வசனம். "அந்தப் பக்கம் போவாதீங்க சார்." நன்றாகத்தான் அமைந்தது.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை அங்கப்பனுக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியது. சமாளித்துவிட்டான்.

"இன்னும் ஒரே ஒருக்கா, கண்ணு. மனசு நெறயற வரைக்கும் கேட்டுக்கறேன்."

பின்னால் தள்ளுகிற பட்டன் ஒவ்வொரு தடவையும் பத்து பத்து விநாடியாகத் தாவும். நாலாவது தடவை அத்தாயி பதற்றத்தில் அமுக்க, படம் டார்ச்சைத் தாண்டி வசனத்திலேயே போய் விழுந்தது. "அங்கிட்டுப் போகாதீக சார்" என்று டி.வி. முழங்க, அதே நேரத்தில் "அந்தப் பக்கம் போவாதீங்க" என்று கீழேயிருந்து அங்கப்பனும் ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அத்தாயியின் விரல் மியூட்டுக்குப் போனது. திரையில் வாய்கள் அசைந்தன.

"ஆரு அவன்?" என்றாள் மாரியம்மாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அங்கப்பன் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மிளகு ஏணி, சென்னை நம்பர், திட்டினது, நம்பரை அடைத்தது. "தப்பு என்னுதுதான்க்கா. உங்கிட்டச் சொல்ல வாய் வரல. ஆசையா இருந்தியே" என்றான்.

மாரியம்மாள் முந்தானை நுனியைக் கையில் சுருட்டினாள். பிறகு, "எங்கிட்டயும் பேசுனாங்கடா" என்றாள்.

"என்னக்கா 'எங்கிட்டயும்'?"

"நீ திட்டுனதுக்கு மக்யா நாளு மதியானம் போனைக் களத்துலயே வெச்சுட்டு நீ எங்கியோ போயிட்டே. நான் காயப்போட்ட மொளவுக்குக் கோழி வராம உக்காந்திருந்தேன். வேற நம்பர்ல இருந்து கூப்பிடறேன்னு ஒரு புள்ள பேசுச்சு, நொம்ப மரியாதியா. 'அய்யா எங்கள ஏமாத்துக்காரங்கன்னு நெனச்சுட்டாருங்க, நாங்க நெசமாவே அந்தக் கம்பெனிதான், அவரு வரலீன்னா வேற ஆள வெச்சுப் பேசிருவோம்'னு சொல்லுச்சு." அவள் குரல் நடுங்கியது. "நான்... அவனுக்குத் தொண்டையில ஆபரேசன் ஆயிருச்சு, இனிமே பேச்சே வராதுன்னு சொல்லிப்போட்டேன்."

"அக்கா!"

"அந்த வாரம் அத்தாயி அவ அம்மா ஊட்டுக்குப் போயிருந்தா. நீயும் ரெண்டு நாளு மெட்ராசுக்குப் போயிட்டா இந்த ஊட்டுல எனக்குன்னு ஒரு சத்தம் இருக்காதுடா. பயமாப் போச்சு. அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு நீ எம்பக்கத்துல இருந்தாப் போதும்னு தோணிருச்சு. அப்பறம் நெனச்சு நெனச்சு அழுதேன். இந்தப் படம் வராமயே போயிரோணும்னு வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு உன்ற கொரலு வரவும் சாமிதான் மாத்திக் குடுத்துச்சுன்னு நெனச்சேன்."

அங்கப்பனுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி? காலையிலிருந்து தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தவன் அவன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்தது, இனி வராது. வாயைத் திறந்தான். அக்காள் முகத்தைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அடி வாங்கப் போகிற குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஆட்கள் இருந்தும் அவளுக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது என்பது அவனைப் போட்டு அறுத்தது.

"வேற நோவே கெடைக்கலியாக்கா உனக்கு? தொண்டையில ஆபரேசன்! அந்தப் புள்ள இன்னிக்கு வரைக்கும் என்னைய ஊமைன்னு நெனச்சுக்கிட்டிருக்கும்."

அத்தாயிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அங்கப்பன். கடைசியில் மாரியம்மாளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், "அத்தாயி, படத்த அப்பிடியே நிறுத்தி வெக்க முடியுமா? இவன் மூஞ்சி நிக்கற எடத்துல" என்று கேட்டாள்.

அத்தாயி தேடிப் பிடித்து நிறுத்தினாள். பனிக்கு நடுவே அங்கப்பனுடைய முகம் திரை முழுக்க அசையாமல் நின்றது.

"இப்பச் சொல்லு. நீ எப்பிடி இருக்கே?"

அங்கப்பன் தன் முகத்தையே அண்ணாந்து பார்த்தான். "மீசை பாதிக்கு மேல வெள்ளக்கா. கன்னம் ஒட்டிப்போச்சு. நெத்தியில மூணு கோடு. முன்னால வழுக்க உழுந்திருச்சு."

"வழுக்கையா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

"அதையெல்லாமா ஊடு தேடி வந்து சொல்லுவாங்க?"

"செரி. என்னையும் சொல்லு."

"உன்னையா?"

"நானும் பாத்துப் பதினோரு வருசம் ஆச்சுல்ல."

அத்தாயி ரிமோட்டைக் கீழே வைத்தாள். அங்கப்பன் திரும்பி அக்காளைப் பார்த்தான். தினம் மாத்திரை கொடுக்கிற முகம், தினம் கைபிடித்து நடத்துகிற முகம். சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நெத்திக்கு மேல ஒரு கை அகலத்துக்கு நரச்சிருச்சுக்கா. பின்னால இன்னும் கருப்புத்தான். கண்ணுக்குக் கீழ சுருங்கிப்போச்சு. சிரிச்சா அம்மாளாட்டவே இருக்கே. ஆனா..." அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். "நொம்ப எளச்சுட்டேக்கா."

மாரியம்மாள் நெற்றிக்கு மேலே கையை வைத்து, அந்த ஒரு கை அகலத்தை மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"செரி," என்றாள். "மீதிக் கதையப் போடு. கொன்னது ஆருன்னு தெரியோணும்ல? நீ அங்கென்ன பண்றே, இங்க வந்து உக்காந்து சொல்லு."

அங்கப்பன் டி.வி. பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவளை ஒட்டிப் பாயில் உட்கார்ந்தான்.